எது விழுந்தது என்று முதலில் பாருங்கள்

மாலை மழை தொடங்கிவிட்டால் என் கைப்பேசிக்கு வரும் அழைப்புகளில் பாதி ஒரே மாதிரிதான் இருக்கும். “அண்ணே, வீட்டுல கரண்டு டிரிப் ஆகிக்கிட்டே இருக்கு. தூக்கிவிட்டா கொஞ்ச நேரம் நிக்குது, மறுபடி விழுது. என்ன பண்றது?” நான் திருப்பிக் கேட்பதும் எப்போதும் ஒரே கேள்விதான். “எது விழுந்துச்சு?” பெரும்பாலானவர்களிடம் அதற்குப் பதில் இருக்காது. “அதாண்ணே, அந்தப் பெட்டியில இருக்கிற சுவிட்ச்சு” என்பார்கள். அந்தப் பெட்டியில் எட்டு, பத்து, சில வீடுகளில் பதினைந்து சுவிட்ச்கள் இருக்கின்றன. எது விழுந்தது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வயரிங் வேலை பார்த்தவன் நான். இந்த வாரம் அந்தப் பெட்டியைப் பற்றியே எழுதுகிறேன். பெட்டியின் மூடியைத் திருகாணி கழற்றித் திறக்கச் சொல்லப் போவதில்லை. அது வயர்மேன் வேலை. வெளியே தெரியும் கைப்பிடிகளை வைத்தே ஒரு குடும்பம் எவ்வளவு தூரம் கண்டுபிடிக்கலாம் என்பதுதான் விஷயம்.

முதலில் பெட்டி முன்னால் நின்று நன்றாகப் பாருங்கள். இப்போதே, எதுவும் விழாமல் இருக்கும்போதே பாருங்கள். பெரிய மெயின் சுவிட்ச் ஒன்று இருக்கும். அதன் பக்கத்தில் ‘டெஸ்ட்’ என்று ஒரு சின்னப் பொத்தானோடு அகலமான சுவிட்ச் ஒன்று இருக்கும். நம் வீடுகளில் எல்லாரும் அதை இ.எல்.சி.பி. என்றே சொல்வார்கள். இன்று பொருத்தப்படும் சாதனத்தின் சரியான பெயர் ஆர்.சி.சி.பி. பழைய பெயர் நாக்கில் ஒட்டிக்கொண்டுவிட்டது, நானும் அப்படியே எழுதுகிறேன். அதற்கு அடுத்து வரிசையாக ஒல்லியாக நிற்பவை எம்.சி.பி.க்கள். 6, 10, 20, 32 என்று ஆம்பியர் எண் போட்டிருக்கும்.

எம்.சி.பி.யும் இ.எல்.சி.பி.யும் ஒரே வேலையைச் செய்வதாகப் பலர் நினைக்கிறார்கள். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. எம்.சி.பி. காப்பாற்றுவது வயரை. இ.எல்.சி.பி. காப்பாற்றுவது உங்களை.

எம்.சி.பி.க்குள் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த தகடு ஒன்று இருக்கிறது. அளவுக்கு மேல் கரண்டு ஓடினால் அது சூடாகி வளைந்து சுவிட்ச்சைத் தட்டிவிடும். இதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். கூடவே ஒரு சுருள் கம்பியும் இருக்கிறது. லைனும் நியூட்ரலும் நேரடியாக ஒட்டிக்கொண்டு பெருவெள்ளமாகக் கரண்டு பாய்ந்தால், அது கண் இமைக்கும் நேரத்தில் சுவிட்ச்சை விழ வைக்கும். ஆகவே எம்.சி.பி. எப்படி விழுகிறது என்பதிலேயே செய்தி இருக்கிறது. தூக்கியவுடன் ‘டப்’ என்று விழுந்தால் எங்கோ ஷார்ட். ஐந்து, பத்து நிமிடம் நின்றுவிட்டு விழுந்தால் பாரம் அதிகம்.

பாரம் எவ்வளவு என்று கணக்குப் போடுவது எளிது. நம் நாட்டு வீட்டு மின்சாரம் 230 வோல்ட். சாதனத்தின் பின்னால் ஒட்டியிருக்கும் வாட் எண்ணை 230-ஆல் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். தீபாவளிக் காலையில் ஒரு சமையலறையை நினைத்துப் பாருங்கள். தண்ணீர் கொதிக்க வைக்கும் கெட்டில் 2,200 வாட், ஏர் ஃபிரையர் 1,700, ஓவன் 2,000, மைக்ரோவேவ் 1,200. கூட்டினால் 7,100 வாட், ஏறக்குறைய 31 ஆம்பியர். இவ்வளவும் ஒரு 20 ஆம்பியர் எம்.சி.பி.யின் கீழ் இருந்தால், அது சில நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு விழும். அது கெட்டுப்போகவில்லை, ஒழுங்காக வேலை செய்கிறது. ஓவனை வேறு எம்.சி.பி.யில் உள்ள பிளக்குக்கு மாற்றுங்கள், அல்லது கெட்டில் முடிந்த பிறகு ஏர் ஃபிரையரைப் போடுங்கள். வேறு சிகிச்சை தேவையில்லை.

இங்கேதான் ஒரு கெட்ட பழக்கம் நுழைகிறது. “20 தாங்கல, 32 போட்டுடலாம்” என்று யாராவது சொல்வார்கள். எம்.சி.பி.யை மாற்ற ஐந்து நிமிடம் போதும், சுவருக்குள் இருக்கும் வயரை யார் மாற்றுவது? வளையமாகச் சுற்றி வரும் வயரிங்கில் 32 ஆம்பியர் பொருத்தமாக இருக்கலாம். ஆனால் ஒற்றை வழியாகப் போகும் 2.5 சதுர மில்லிமீட்டர் வயருக்கு 20 ஆம்பியர் போட்டிருந்தார்கள் என்றால், அதற்குக் காரணம் இருக்கிறது. எண்ணைக் கூட்டிவிட்டால் சுவிட்ச் விழாது, வயர் சுவருக்குள்ளும் கூரைக்கு மேலும் வெந்துகொண்டிருக்கும். யாருக்கும் தெரியாது.

இரவுச் சந்தையில் வாங்கும் மல்டிபிளக்கைப் பற்றியும் இந்த இடத்தில் ஒரு வார்த்தை. சிரிம் முத்திரை ஸ்டிக்கர் இல்லாததை வாங்காதீர்கள். உள்ளே இருக்கும் தகடு காகிதம் போல் இருக்கும். அதில் அரிசிக் குக்கரையும் கெட்டிலையும் சேர்த்து மாட்டினால் முதலில் உருகுவது அதுதான். எம்.சி.பி. விழுவதற்கு முன்பே பிளாஸ்டிக் வாசம் வந்துவிடும்.

இனி இ.எல்.சி.பி. எனக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை இதைப் பற்றியவை.

இது கரண்டின் அளவைப் பார்ப்பதில்லை, கணக்கைப் பார்க்கிறது. லைன் வழியாக வீட்டுக்குள் போனது எவ்வளவு, நியூட்ரல் வழியாகத் திரும்பி வந்தது எவ்வளவு? இரண்டும் சமமாக இருக்க வேண்டும். குறைந்தால், அந்தக் குறைந்த பங்கு வேறு எங்கேயோ வழி கண்டுபிடித்துத் தரைக்குப் போகிறது என்று பொருள். அந்த வழி ஈரமான சுவராக இருக்கலாம், துருப்பிடித்த வாஷிங் மெஷின் உடலாக இருக்கலாம், ஒரு மனிதராகவும் இருக்கலாம். 30 மில்லிஆம்பியர் வித்தியாசம் வந்தால் விழ வேண்டும் என்பது வழக்கமான அளவு. ஓர் ஆம்பியரில் நூறில் மூன்று பங்கு அது. 13 ஆம்பியர் பிளக் ஒன்றின் வழியாகப் போகக்கூடிய கரண்டில் நானூறில் ஒரு பங்குக்கும் குறைவு. இவ்வளவு சின்ன அளவுக்கு ஏன் பயப்பட வேண்டும் என்றால், அதற்கு மேல் சில விநாடிகள் உடம்பில் ஓடினாலே இதயத் துடிப்பு தாறுமாறாகலாம்.

ஒன்றை மறக்காதீர்கள். ஒரு கையில் லைனையும் மறு கையில் நியூட்ரலையும் பிடித்தால் இ.எல்.சி.பி.க்குத் தெரியாது. அதன் கணக்கில் போனதும் வந்ததும் சரியாகவே இருக்கும். எனவே அது இருக்கிறது என்ற துணிச்சலில் சுவிட்ச்சை நோண்டக் கூடாது.

விழுந்ததைத் தேடும் முறை இதுதான். கை காய்ந்திருக்கட்டும், காலில் செருப்பு இருக்கட்டும். கருகல் வாசமோ, பெட்டி சூடாக இருப்பதோ, தண்ணீர் இறங்கிய தடமோ தெரிந்தால் எதையும் தொடாமல் வயர்மேனைக் கூப்பிடுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால், எல்லா எம்.சி.பி.க்களையும் கீழே இறக்குங்கள். பிறகு வீட்டில் உள்ள எல்லா பிளக்குகளையும் பிடுங்குங்கள். சுவர் சுவிட்ச்சை அணைப்பது போதாது, பிளக்கையே இழுத்து எடுக்க வேண்டும். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், இணைய மோடம், சாமி அறை விளக்கு, கைப்பேசி சார்ஜர் என்று ஒன்றுவிடாமல். மீன்தொட்டி மோட்டாரை மட்டும் எல்லாரும் மறப்பார்கள்.

இப்போது இ.எல்.சி.பி.யைத் தூக்குங்கள். சில மாடல்களில் கைப்பிடி பாதியில் நின்றிருக்கும். முழுதாகக் கீழே அழுத்திவிட்டுத்தான் மேலே தள்ள வேண்டும். இல்லாவிட்டால் நிற்காது, “கெட்டுப்போச்சு” என்று முடிவு கட்டிவிடுவோம். அது நின்றால் எம்.சி.பி.க்களை ஒவ்வொன்றாகத் தூக்குங்கள், ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு நிமிடம் விடுங்கள். எதைத் தூக்கும்போது இ.எல்.சி.பி. விழுகிறதோ, கோளாறு அந்த வழியில். அதை மட்டும் கீழே விட்டுவிட்டு மற்றதைத் தூக்கினால் அன்றைய இரவை ஓட்டிவிடலாம். குழந்தைகள் மின்விசிறி இல்லாமல் தவிக்க வேண்டாம். எல்லா எம்.சி.பி.யும் நின்றுவிட்டால், பிளக்குகளை ஒவ்வொன்றாக மாட்டிச் சுவிட்ச் போட்டுப் பாருங்கள். விழ வைப்பது எதுவோ அதைத் தனியே எடுத்து வையுங்கள், மறுபடி மாட்டிச் சோதிக்க வேண்டாம்.

எல்லா எம்.சி.பி.யும் கீழே இருந்தும் இ.எல்.சி.பி. விழுந்தாலோ, எந்த எம்.சி.பி.யைத் தூக்கினாலும் விழுந்தாலோ குழப்பம் வரும். இதற்குப் பெரும்பாலும் காரணம் நியூட்ரல் வயர் எங்கோ எர்த்தைத் தொட்டுக்கொண்டிருப்பது. வீட்டு எம்.சி.பி. பொதுவாக லைன் வயரை மட்டும் துண்டிக்கும். நியூட்ரல் அப்படியே இணைந்திருக்கும். பிளக்கைப் பிடுங்கச் சொன்னதும் இதனால்தான். சுவர் சுவிட்ச்சை அணைத்தாலும் பல பிளக்குகளில் நியூட்ரல் தொடர்பு விட்டுப்போகாது. பிளக் எல்லாம் பிடுங்கிய பிறகும் இதே நிலை என்றால், சுவருக்குள் இருக்கும் வயரிலோ இ.எல்.சி.பி.யிலோ கோளாறு. அதற்கு மேல் உங்கள் வேலை இல்லை.

யார் அதிகம் குற்றவாளி? என் அனுபவத்தில் முதலிடம் குளியலறைத் தண்ணீர் ஹீட்டருக்கு. உள்ளே இருக்கும் சூடேற்றும் குழாயில் மயிரிழை வெடிப்பு விட்டால் போதும். அடுத்தது வீட்டுக்கு வெளியே இருப்பவை. கேட் தூண் விளக்கு, தானியங்கிக் கேட் மோட்டார், அழைப்பு மணி, பின்புறத் தண்ணீர் பம்ப். மழை பெய்த மாலையில் விழுந்து மறுநாள் வெயில் ஏறியதும் தானாகச் சரியாகிவிடுகிறது என்றால் வீட்டுக்குள் தேடாதீர்கள், வெளியே போய்த் தூண் விளக்கைப் பாருங்கள். கண்ணாடிக் கூண்டுக்குள் தண்ணீர் நிற்கும், சில சமயம் எறும்புப் புற்றே இருக்கும். பிளக் ஓட்டைக்குள் பல்லி செத்துக் கிடந்து விழுந்த வீடுகளும் உண்டு.

சில வீடுகளில் குற்றவாளி என்று ஒருவர் இருக்கவே மாட்டார். கணினி, தொலைக்காட்சி, வாஷிங் மெஷின், எல்.இ.டி. விளக்குகள் என்று இன்றைய மின்னணுப் பொருள்கள் ஒவ்வொன்றும் இயல்பாகவே மிகச் சின்ன அளவு கரண்டை எர்த்துக்குக் கசிய விடும். தனித்தனியே குற்றமில்லை. பத்தும் சேர்ந்தால் கசிவு 15, 18 மில்லிஆம்பியரைத் தொட்டுவிடும். 30 என்று எழுதியிருந்தாலும் 15-க்கு மேல் எங்கே வேண்டுமானாலும் விழ இ.எல்.சி.பி.க்கு அனுமதி உண்டு. மொத்த வீட்டுக்கும் ஒன்றே ஒன்று வைத்திருக்கும் வீடுகளில் இது அதிகம். வீட்டு வயரிங்கை இரண்டாகப் பிரித்து இரண்டு இ.எல்.சி.பி. போடுவதுதான் இதற்கு வழி. வீட்டைப் புதுப்பிக்கும்போது சமையலறைக் கேபினட்டுக்குச் செலவழிப்பதில் ஒரு சின்னப் பங்கு இதற்குப் போதும். ஆனால் கேபினட் விருந்தாளி கண்ணுக்குத் தெரியும், இது தெரியாது.

ஷா ஆலாமில் ஓர் அடுக்குமாடி வீடு. இளம் தம்பதி. நள்ளிரவு, விடியற்காலை, நண்பகல் என்று நேரம் காலம் இல்லாமல் இ.எல்.சி.பி. விழுந்துகொண்டிருந்தது. நான் போவதற்கு முன்னால் வேறொருவர் இரண்டு முறை இ.எல்.சி.பி.யையே மாற்றியிருந்தார். பிளக்கை எல்லாம் பிடுங்கிப் பார்க்கும் சோதனையும் செய்தார்கள், எதிலும் விழவில்லை. நான் எந்தக் கருவியையும் எடுக்கவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு தாளை ஒட்டி, விழும் நேரத்தை எழுதி வையுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஒரு வாரம் கழித்துத் தாளைப் படம் எடுத்து அனுப்பினார்கள். ஒரு விழுதலுக்கும் அடுத்ததற்கும் இடையே எட்டு மணி, ஒன்பது மணி, சில நேரம் அதன் இரு மடங்கு. வீட்டில் இப்படிக் கடிகாரம் பார்த்து வேலை செய்யும் பொருள் ஒன்றுதான். பனிக்கட்டி படியாத ஃபிரிட்ஜ், குளிரூட்டும் பகுதியில் சேரும் பனியைக் கரைக்கச் சில மணி நேரத்துக்கு ஒரு முறை உள்ளே ஒரு சின்ன ஹீட்டரை எரிய விடும். அந்த ஹீட்டரின் காப்பு ஈரம் ஏறிக் கெட்டிருந்தது. பிளக்கை மாட்டிப் பத்து நிமிடம் பார்த்தால் எப்படித் தெரியும்? அந்தப் பத்து நிமிடத்தில் ஹீட்டர் எரிந்திருக்காதே. ஹீட்டரை மாற்றியதும் விழுவது நின்றது.

அந்தத் தாள்தான் இந்தக் கட்டுரையில் நான் தரும் மிக மலிவான கருவி. நேரம், அப்போது மழையா இடியா, என்ன ஓடிக்கொண்டிருந்தது, யாராவது குளித்துக்கொண்டிருந்தார்களா. நான்கு குறிப்பு போதும்.

இனிச் சொல்லப் போவதற்காகத்தான் இந்த வாரம் இந்தத் தலைப்பையே எடுத்தேன்.

கிள்ளானில் ஒரு தாமானில் இணைவீடு. கை மாறி வாங்கிய வீடு. கூப்பிட்டவர் கரண்டு விழுகிறது என்று கூப்பிடவில்லை. மின்விசிறி ஒன்று மாட்ட வேண்டும், அவ்வளவுதான். ஏணியில் நின்றுகொண்டிருந்தபோது வீட்டுப் பாட்டி பேச்சுவாக்கில் சொன்னார். “குளிக்கிற எடத்துல கொழாயத் தொட்டா எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கு தம்பி. வயசாயிடுச்சுல்ல, நரம்புக் கோளாறுன்னு நெனச்சேன்.” நான் ஏணியிலிருந்து இறங்கினேன். “இ.எல்.சி.பி. அடிக்கடி விழுமா?” என்று மகளைக் கேட்டேன். “எங்க வீட்டுல அந்தப் பிரச்சினையே இல்ல அங்கிள். வந்து நாலு வருஷமாச்சு, ஒரு தடவைகூட டிரிப் ஆனதில்ல” என்றார், கொஞ்சம் பெருமையாகவே.

டெஸ்ட் பொத்தானை அழுத்தினேன். வீட்டில் ஒரு விளக்குகூட அணையவில்லை. கையாலேயே இ.எல்.சி.பி.யைக் கீழே இறக்கினேன். அப்போதும் கூடத்து மின்விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது. மெயினை அணைத்து மூடியைத் திறந்தால், இ.எல்.சி.பி.யின் மேல்பக்கத்தையும் கீழ்ப்பக்கத்தையும் இரண்டு துண்டு வயரால் இணைத்து வைத்திருந்தார்கள். கரண்டு அதன் வழியாகப் போகவே இல்லை, அலங்காரத்துக்கு நின்றது. முன்பு எப்போதோ அடிக்கடி விழுந்திருக்கும். யாரோ வந்து, காரணத்தைத் தேடாமல், ‘டைரக்ட்’ செய்துவிட்டுப் போயிருக்கிறார். குளியலறையில் ஹீட்டரின் சூடேற்றும் குழாய் வெடித்திருந்தது. அதன் எர்த் வயர் எதிலும் இணைக்கப்படாமல் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. பாட்டியும் இரண்டு சின்னப் பிள்ளைகளும் தினமும் அதன் கீழே நின்றுதான் குளித்தார்கள்.

வயர்த் துண்டுகளை எடுத்துவிட்டு இ.எல்.சி.பி.யை ஒழுங்காக இணைத்துத் தூக்கினேன். உடனே விழுந்தது. விழத்தானே வேண்டும். ஆனால் வேலை முடிந்து வந்த மருமகன் முகம் மாறிவிட்டது. “முன்னாடி நல்லாத்தானே இருந்துச்சு, நீங்க தொட்ட பிறகுதான் டிரிப் ஆகுது” என்றார். பிறகு குரலைத் தணித்து, “இன்னைக்கு ஒரு ராத்திரி மட்டும் பழையபடி போட்டுக் குடுங்க அங்கிள், நாளைக்கு ஆள் வச்சுப் பார்த்துக்கிறேன்” என்றார். அவரைக் குற்றம் சொல்ல மனம் வரவில்லை. பன்னிரண்டு மணி நேர வேலை முடித்து வந்த மனிதர், பிள்ளைகளுக்கு மறுநாள் பள்ளி. அவருக்கு வேண்டியது விளக்கு. ஹீட்டர் வழியைத் துண்டித்து வைத்தேன், மற்றதெல்லாம் எரிந்தது. பழையபடி போட மறுத்துவிட்டேன். அன்று பச்சைத் தண்ணீரில் குளித்தார்கள்.

உங்கள் வீட்டில் இ.எல்.சி.பி. அடிக்கடி விழுந்தால் எரிச்சலாக இருக்கும், புரிகிறது. ஆனால் ஒருபோதும் விழாத வீட்டைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. மாதம் ஒரு முறை டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள். வீடு இருட்ட வேண்டும். இருட்டவில்லை என்றால் அன்றைக்கே ஆளைக் கூப்பிடுங்கள். இருட்டினால் இ.எல்.சி.பி. உயிரோடு இருக்கிறது என்று மட்டும் தெரியும். எர்த் வயர் சரியாக இருக்கிறதா என்பதை அந்தப் பொத்தான் சொல்லாது. அதைத் தனியாக அளந்து பார்க்க வேண்டும்.

‘டைரக்ட்’ செய்வதற்கு ஒரு நாகரிகமான தம்பியும் உண்டு. 30 மில்லிஆம்பியர் இ.எல்.சி.பி.யைக் கழற்றிவிட்டு 100 போடுவது. விழுவது நின்றுவிடும், வீட்டுக்காரர் மகிழ்வார். கசிவு அப்படியே இருக்கும். ஈரம் இருக்கும் இடங்களுக்கு 10 மில்லிஆம்பியருக்கு மேற்படாத பாதுகாப்பு வேண்டும் என்று 1994ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகள் சொல்கின்றன. குளியலறை ஹீட்டருக்குத் தனியாக 10 மில்லிஆம்பியர் இ.எல்.சி.பி. போடுவது அதனால்தான். உங்கள் பெட்டியில் அப்படி ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். எண் முகப்பிலேயே எழுதியிருக்கும். சில இடங்களில் 0.03 ஆம்பியர், 0.01 ஆம்பியர் என்று இருக்கும். பழைய வீடுகளில் மொத்த வீட்டுக்கும் 100 ஒன்று மட்டும் இருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படியிருந்தால் ஹீட்டருக்காவது முதலில் தனியாகப் போட்டுவிடுங்கள்.

வயர்மேனைக் கூப்பிடும்போது, எரிசக்தி ஆணையம் வழங்கிய தகுதிச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். நல்ல ஆள் கோபித்துக்கொள்ள மாட்டார். வந்தவர் டெஸ்டர் பேனா ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு “எல்லாம் நல்லாருக்கு” என்றால் நம்பாதீர்கள். கசிவைக் கண்டுபிடிக்க மெக்கர் என்ற கருவி வேண்டும். 500 வோல்ட் கொடுத்து வயரின் காப்பை அளக்கும். 1 மெகாஓமுக்குக் கீழே காட்டினால் அந்த வழியில் வேலை இருக்கிறது. அளந்த எண்ணைத் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். எதையும் அளக்காமல் முதல் வேலையாக இ.எல்.சி.பி.யை மாற்றலாம் என்பவருக்கு நன்றி சொல்லி அனுப்பிவிடலாம்.

வாடகை அறையில் இருக்கும் இளையவர்கள், வீட்டுக்காரர் “பெட்டியைத் தொடாதே” என்று சொல்லியிருக்கிறார் என்கிறார்கள். தொட வேண்டாம். எது விழுந்தது என்று படம் எடுத்து, நேரத்தோடு அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி வையுங்கள். எழுத்தில் இருப்பது நல்லது. அண்டை வீடுகளும் இருட்டாக இருந்தால் கோளாறு உங்கள் வீட்டில் இல்லை. தெனாகா நேஷனலின் 15454 எண்ணுக்குச் சொல்லுங்கள். மீட்டர் வரைக்கும் அவர்கள் பொறுப்பு, மீட்டரைத் தாண்டினால் வீட்டுக்காரர் பொறுப்பு.

இடி மின்னலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உலகிலேயே இடி அதிகம் இடிக்கும் வட்டாரங்களில் நம்முடையதும் ஒன்று. அருகில் மின்னல் விழும்போது வயரில் ஏறும் திடீர் எழுச்சியால், எந்தக் கோளாறும் இல்லாத வீட்டில்கூட இ.எல்.சி.பி. விழும். மழை ஓய்ந்ததும் ஒரு முறை தூக்குங்கள், நின்றால் பிரச்சினை இல்லை. இடியின்றியும் விழுந்தால் மட்டும் மேலே சொன்ன சோதனைக்குப் போங்கள். எழுச்சியைத் தாங்கும் பாதுகாப்புச் சாதனம் ஒன்றைப் பெட்டியில் பொருத்திக்கொள்வது தொலைக்காட்சிக்கும் மோடமுக்கும் நல்லது.

ஈப்போ, பினாங்கு என்று நான்கு நாள் ஊருக்குப் போகிறவர்கள் ஃபிரிட்ஜுக்குரிய எம்.சி.பி.யைத் தவிர மற்றதை இறக்கிவிட்டுப் போங்கள். விழுவதற்கான காரணங்கள் பெரும்பாலும் குறைந்துவிடும். மின்னல் எப்படியும் வரலாம். அதனால் புறப்படுவதற்கு முதல் நாள் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி ஃபிரீசரில் உறைய வையுங்கள். உறைந்ததும் அதன் மேல் ஒரு 20 சென் நாணயத்தை வைத்துவிட்டுக் கிளம்புங்கள். திரும்பி வந்ததும் முதலில் கிண்ணத்தைப் பாருங்கள். நாணயம் மேலேயே இருந்தால் கவலையில்லை. அடியில் போய் உறைந்திருந்தால் நீங்கள் இல்லாத நேரத்தில் கரண்டு விழுந்து, ஃபிரீசர் முழுதாகக் கரைந்து, பக்கத்து வீட்டுக்காரரோ யாரோ தூக்கிவிட்ட பிறகு மறுபடி உறைந்திருக்கிறது. அந்தக் கோழியைச் சமைக்காதீர்கள்.